கண்ணைப் பார்த்துச் சொன்னால் ரோபோவின் பேச்சைக் கேட்போமா?

கேள்வி இதுதான்: "தனியாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஒரு சின்ன ரோபோ செய்கிறேன். அதற்கு முகமும் கண்ணும் வைத்து, பாட்டியின் கண்ணைப் பார்த்துப் பேச வைத்தால் சொன்னபடி கேட்பாரா? இல்லை, பேசுகிற ஒரு டப்பாவே போதுமா?"

கண் வையுங்கள். உதவும். ஆனால் கண் வைத்துவிட்டால் ரோபோவுக்கு ஒரு அதிகாரம் வந்துவிடும், பாட்டி கீழ்ப்படிந்துவிடுவார் என்று எண்ணி வைத்தால் ஏமாந்துபோவீர்கள். பார்வை தருவது அதிகாரத்தை இல்லை. நம் ஊரில் அதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: முகதாட்சண்யம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, முகத்தைப் பார்த்து, "இந்தக் கட்டிலை நகர்த்தணும், ஒரு கை பிடிங்க" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அதையே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டிருப்போம். அவர் நமக்கு மேலதிகாரி கிடையாது. முகத்தைப் பார்த்துக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ரோபோவின் கண் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான் என்பது பதினைந்து வருடமாக இந்தத் துறையின் சோதனைகளைப் படித்தும், சிலதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தும் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

முதலில் அந்தக் கண்ணையே கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடுவோம். இந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் ரோபோ நாவோ. பிரான்சில் உருவானது, 58 செ.மீ. உயரம், நின்றால் நம் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டக் குழிகள், அவற்றைச் சுற்றி வண்ண விளக்குகள். கேமரா அங்கே இல்லை. ஒன்று நெற்றியில், இன்னொன்று வாய் இருக்கும் இடத்தில். கண் உருளாது, இமை கிடையாது. எதிரே முகம் எங்கே இருக்கிறது என்று ஒரு நிரல் தேடும். கண்டுபிடித்ததும் கழுத்தில் உள்ள இரண்டு மோட்டார்கள் தலையை அந்தப் பக்கம் திருப்பும். "கண்ணைப் பார்க்கிறது" என்று நாம் சொல்வது, ஒரு பிளாஸ்டிக் தலை நம் பக்கம் திரும்பி நிற்பதைத்தான்.

அது போதுமாக இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். நாவோ மேசைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதை ஒரு பொருளாகச் சுற்றிவந்து பார்ப்பார்கள், முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள். முகம் தேடும் நிரலை ஓடவிட்டு, அதன் தலை மெல்ல நிமிர்ந்து அவர்கள் பக்கம் வந்து நின்றதும், பெரியவர்கள்கூடக் குனிந்து தங்கள் முகத்தை அதன் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார்கள். குரல் தணிந்துவிடும். ஒருநாள் அந்த நிரல் ஓடவில்லை. நாவோ சுவரைப் பார்த்தபடி, வழக்கமான அதே குரலில், "அந்தச் சிவப்புப் பந்தை எடுத்துத் தர முடியுமா?" என்றது. அறையில் நான்கு பேர் இருந்தார்கள். யாரும் எழவில்லை. ஒரு பெண் பிள்ளை மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம், "யார்கிட்ட பேசுது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில்தான் விஷயத்தின் பாதி இருக்கிறது. பார்வை சொல்லும் முதல் செய்தி "உன்னிடம்தான் பேசுகிறேன்" என்பது. அது எத்தனை வலுவானது என்பதை 2009-ல் ஜப்பானில் பில்கே முட்லு என்ற ஆய்வாளரும் அவருடன் டகயுகி காண்டா, ஹிரோஷி இஷிகுரோ போன்றவர்களும் காட்டினார்கள். ரோபோவீ என்ற ரோபோ, எதிரே இரண்டு பேர். ஒரு சிலருக்கு ரோபோ இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் பேசியது. வேறு சிலருக்கு ஒருவரைப் பார்த்தே பேசியது. மற்றவருக்கு வணக்கம் சொல்லும்போதும் விடைபெறும்போதும் மட்டும் ஒரு பார்வை. இன்னும் சிலருக்கு ஒருவரை அடியோடு கண்டுகொள்ளவே இல்லை. வாயால் "நீ பேசலாம், நீ சும்மா இரு" என்று யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. கலந்துகொண்ட 72 பேரும் பார்வை தங்களுக்கு ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு, 97 சதவீதம் அதன்படியே நடந்தார்கள். பார்க்கப்பட்டவர் பேசினார். பார்க்கப்படாதவர் வாயைத் திறக்கவில்லை. கண்டுகொள்ளப்படாதவர்களுக்கு அந்த ரோபோமேல் பிரியமும் குறைந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் ஒருவரை மட்டும் பார்த்து "சாப்பிடுங்க" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகுமோ அதேதான்.

இது நமக்குப் புதிதாக வந்த பழக்கமும் இல்லை. பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளே ஆன குழந்தைகள்கூட, வேறு பக்கம் பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கின்றன என்று 2002-ல் டெரேசா ஃபர்ரோனியும் சக ஆய்வாளர்களும் கண்டார்கள். மனிதக் கண்ணின் அமைப்பே அதற்குத் தோதாக இருக்கிறது: வெள்ளைவிழி அகலமாக வெளியே தெரிகிறது, நடுவில் கருவிழி. அதனால் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். உங்கள் ரோபோவுக்குக் கண் வரையும்போது இதை மறக்காதீர்கள். நீலமாக மினுங்கும் இரண்டு விளக்குகளைவிட, வெள்ளையில் ஒரு கறுப்பு வட்டம் பாட்டிக்கு அதிகம் பேசும்.

அடுத்து, கேட்டபடி செய்வது என்ற விஷயத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஹெர்ப் என்ற ரோபோவை வைத்து ஹென்னி அட்மோனியும் அன்கா டிராகன், சித்தார்த்த ஸ்ரீநிவாசா, பிரையன் ஸ்கசலாட்டி ஆகியோரும் செய்தது. ஹெர்ப் கையால் ஒரு கட்டையை எடுத்து நீட்டும். எதிரே இருப்பவர் அதை வாங்கி, தனக்குத் தோன்றுகிற பெட்டியில் போட வேண்டும். எந்தப் பெட்டி என்று ஹெர்ப் சொல்லாது. தலையைத் திருப்பி ஒரு பெட்டியைப் பார்க்கும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், நாம் ஒரு பொருளை வாங்கும்போது கண் பொருளின்மேல்தான் இருக்கும், கொடுப்பவரின் முகத்தில் இருக்காது. அதனால் ஹெர்ப் என்ன சாடை காட்டுகிறது என்பதையே பலர் கவனிப்பதில்லை.

அங்கே அவர்கள் செய்தது ஒரு சின்ன வேலை. கட்டையை உடனே விடாமல் ஹெர்ப் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. இழுக்கிறோம், வரவில்லை. என்ன ஆச்சு என்று நிமிர்ந்து பார்க்கிறோம். அப்போது அதன் தலை ஒரு பெட்டியின் பக்கம் திரும்புகிறது, பிடி தளர்கிறது. இந்த ஒரு தாமதத்தால், ரோபோ எங்கே பார்க்கிறது என்று கவனித்தவர்கள் கூடினார்கள், அது பார்த்த பெட்டியிலேயே கட்டையைப் போட்டவர்களும் கூடினார்கள். அது காட்டிய பெட்டி பொருத்தமாகப் படாதபோதும் அப்படியே நடந்தது. கடைக்காரர் சில்லறையை உள்ளங்கையில் வைத்து, விடாமல் ஒரு நொடி நம் முகத்தைப் பார்த்து, "எண்ணிப் பாருங்க" என்று சொல்வதைப் போல. மாத்திரை டப்பா செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இந்தப் பாடத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

இன்னொரு சோதனை நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாப் ஹாமும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்டது. நாவோ ஒரு கதை சொன்னது, பொய் சொல்வதால் வரும் கேட்டைப் பற்றிய பழைய கதை. சிலருக்குக் கண்ணைப் பார்த்துச் சொன்னது, சிலருக்குக் கையை ஆட்டிச் சொன்னது, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பார்த்துச் சொன்ன கதை அதிகம் மனதை மாற்றியது. கையசைவு பார்வையோடு சேர்ந்தபோது உதவியது. பார்வை இல்லாமல் வெறும் கையை ஆட்டியபோது, ஆட்டாமலேயே சொல்லியிருக்கலாம் என்கிற அளவுக்கு விளைவு கெட்டது. மேடையில் யாரையும் பார்க்காமல் கையை வீசிப் பேசுகிறவர்களைக் கேட்டவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2012-ல் முட்லுவின் குழு இதையே வேறு வழியாகச் சோதித்தது. பாலைவனத்தில் மாட்டிக்கொண்டால் எந்தப் பொருள் முக்கியம் என்று வரிசைப்படுத்தும் விளையாட்டு. வாகமாரு என்ற மஞ்சள் நிற ரோபோ ஆலோசனை சொன்னது. குரலின் ஏற்ற இறக்கத்தைவிட, பார்வை, கையசைவு, எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்ற உடல்மொழிதான் ஆட்களின் முடிவை அதிகம் மாற்றியது. ஆகவே காசு கொஞ்சமாக இருந்தால் குரலை இனிமையாக்குவதில் கொட்டாதீர்கள். கழுத்து மோட்டாரில் போடுங்கள்.

இத்தனையும் படித்தபின், கண் என்பது ஒரு ரிமோட் பட்டன் மாதிரி, அழுத்தினால் மனிதர் கேட்பார் என்று தோன்றக்கூடும். அப்படி இல்லை. மனிதர் ஒருவர் சட்டென்று ஒரு பக்கம் பார்த்தால் நம் கவனம் நம்மை அறியாமலே அங்கே ஓடும். ரோபோவின் பார்வைக்கு அது அப்படி ஓடவில்லை என்று அட்மோனியின் குழுவே 2011-ல் காட்டியிருக்கிறது. ரோபோவின் பார்வையை நாம் புரிந்துகொள்கிறோம், வேண்டுமென்றால் பயன்படுத்துகிறோம். தானாக ஆட்பட்டுவிடுவதில்லை. அதனால்தான் சூழ்நிலை மாறும்போது பார்வையின் பலனும் தலைகீழாகிறது.

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் ஸ்டேன்டனும் கேத்தரின் ஸ்டீவன்ஸும் 2014-ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கிண்ணத்துக்குள் பந்து எங்கே என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு திரையில் ஓடும். ஆள் ஒரு பதில் சொல்வார். பக்கத்தில் இருக்கும் நாவோ வேறு பதில் சொல்லும். ஆள் தன் பதிலை மாற்றுகிறாரா என்று பார்த்தார்கள். பந்து எங்கே போனது என்றே தெரியாத கடினமான சுற்றுகளில், ரோபோ தங்களைப் பார்த்தபோது அதை அதிகம் நம்பினார்கள். எளிதான சுற்றுகளில், அதாவது பதில் தங்களுக்கே நன்றாகத் தெரிந்தபோது, ரோபோ பார்த்தது நம்பிக்கையைக் குறைத்தது. எனக்குத் தெரிந்த விஷயத்தில் ஒருவன் என் கண்ணை உற்றுப் பார்த்துத் தப்பான பதிலைச் சொன்னால், இவன் ஏதோ என்னை வளைக்கப் பார்க்கிறான் என்றுதானே தோன்றும்?

மனிதர்களுக்குள்ளும் இதே கதைதான். கிறிஸ் கிளெய்ன்கே என்ற உளவியலாளர் 1980-ல் வெளியிட்ட ஒரு களச்சோதனையில், நியாயமான உதவிக்கு, அதாவது போன் செய்யச் சில்லறை கேட்பதற்கு, கண்ணைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு அதிகம் கிடைத்தது. அவ்வளவு நியாயமில்லாத ஒன்றுக்கு, சூயிங்கம் வாங்கக் காசு கேட்பதற்கு, கண்ணைத் தாழ்த்திக் கேட்டவர்களுக்கு அதிகம் கிடைத்தது. உரிமை இல்லாத இடத்தில் நேர்ப்பார்வை துணிச்சலாகப் படுகிறது. 2013-ல் ஃபிரான்ஸிஸ் சென்னும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: தங்கள் கருத்துக்கு எதிராகப் பேசுபவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனம் மற்றவர்களைவிடக் குறைவாகவே மாறியது. "கண்ணைப் பார்த்துப் பேசினால் எதிராளி வழிக்கு வருவார்" என்று விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் சொல்வதை அப்படியே ரோபோவுக்குள் எழுதாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

உற்றுப் பார்ப்பதும் முறைப்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1972-ல் ஃபீபி எல்ஸ்வொர்த் குழுவினர் சாலை சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் வண்டிக்காரர்களைச் சும்மா உற்றுப் பார்த்தார்கள். விளக்கு பச்சையானதும் பார்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக அந்த இடத்தைக் கடந்து போனார்கள். பாட்டி ரோபோவை விட்டு அடுத்த அறைக்குப் போய்விடக் கூடாது அல்லவா? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 500 பேரிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒருவர் நம் கண்ணைத் தொடர்ந்து பார்ப்பது சங்கடமில்லாமல் இருக்கும் நேரம் சராசரியாக 3.3 நொடி என்று வந்தது. இமைக்காத பிளாஸ்டிக் கண்ணுக்கு அதைவிடக் குறைவாகவே வைப்பேன்.

பார்வை மூளையிலும் ஒரு பாரத்தை ஏற்றுகிறது. இத்தாலியின் ஜெனோவாவில் அக்னியெஷ்கா வைகோவ்ஸ்காவின் ஆய்வுக்குழு 2021-ல் வெளியிட்டது இது. அவர்களிடம் இருப்பது ஐகப், சின்னக் குழந்தை அளவு ரோபோ. நாவோவைப் போல இல்லாமல் இதற்குக் கேமராக்கள் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன, விழி உருளும். நேருக்கு நேர் வரும் இரண்டு கார்களில் யார் விலகுவது என்ற விளையாட்டில், முடிவெடுக்கப்போகும் நேரத்தில் ஐகப் ஒருமுறை கண்ணைப் பார்க்கும், ஒருமுறை வேறு பக்கம் பார்க்கும். கண்ணைப் பார்த்தபோது ஆட்கள் முடிவெடுக்கத் தாமதமானது. மூளை அலைகளிலும் வேறுபாடு தெரிந்தது. அந்தப் பார்வையைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கே மூளை உழைக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் விளக்குகிறார்கள். எனவே பாட்டி கையில் மாத்திரைகளை வைத்து எது காலை, எது ராத்திரி என்று பிரித்துக்கொண்டிருக்கும்போது ரோபோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது உதவி ஆகாது, இடைஞ்சல்.

இனி "கீழ்ப்படிதல்" என்ற பெரிய சொல். இதைப் பற்றிப் பேசினால் ஸ்டான்லி மில்கிராமிலிருந்துதான் தொடங்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-ல் தொடங்கிய அவருடைய சோதனையில், ஆய்வாளர் "தொடருங்கள்" என்று சொன்னதற்காக 40 பேரில் 26 பேர் இன்னொரு மனிதருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே கடைசிவரை போனார்கள். மின்சாரம் உண்மையில் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்த அந்த மனிதர் நடித்தார். நம் கேள்விக்கு வேண்டியது அதன் இன்னொரு வடிவம். ஆய்வாளர் அறையை விட்டுப் போய், அதே கட்டளைகளைத் தொலைபேசியில் சொன்னபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குச் சுருங்கினார்கள். சிலர் போனில் "கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதைவிடக் குறைந்த அளவையே அழுத்தினார்கள். கட்டளை அதே, பதவி அதே. முகம் இல்லை.

ரோபோ கட்டளையிட்டால்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியான சோதனையில், நாவோ ஒரு மேசைமேல் உட்கார்ந்து கணினிக் கோப்புகளின் பெயரை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னது. பத்து, ஐம்பது, நூறு, ஐந்நூறு என்று ஏறிக்கொண்டே போகும் வேலை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லியாயிற்று. 80 நிமிடமும் உட்கார்ந்து செய்தவர்கள் ரோபோவிடம் 46 சதவீதம், மனித ஆய்வாளரிடம் 86 சதவீதம். பாதிதான் என்றாலும் அது சின்ன எண் இல்லை. முழங்கால் உயரப் பொம்மை ஒன்று அலுப்பூட்டும் வேலையைத் தொடரச் சொல்கிறது, பாதிப்பேர் எழவில்லை. நடுவில் பலர் அதனோடு வாதாடினார்கள், பேரம் பேசினார்கள். ஆளாக மதிக்காத ஒன்றோடு யாரும் பேரம் பேசுவதில்லை.

இதில் பார்வைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் சேர்ந்தே இருந்தன: உடல், குரல், தலையசைவு. ஆனால் கண்ணே இல்லாமலும் கீழ்ப்படிதல் வரும் என்பதற்கு ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் 2016 ஆய்வு இருக்கிறது. வழிகாட்டும் ரோபோ ஒன்று, முகம் கிடையாது, விளக்குகள் பொருத்திய கைகள் மட்டும். ஆட்களை ஓர் அறைக்கு அழைத்துச் சென்றது. அப்புறம் நடைபாதையில் புகை, தீ எச்சரிக்கை மணி. தாங்கள் உள்ளே வந்த வாசல் எது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும் 26 பேரும் ரோபோ காட்டிய பக்கமே போனார்கள். அதில் பாதிப்பேர், அதே ரோபோ சற்று முன்பு வழி தெரியாமல் தப்பான இடத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள். பயத்தில் யார் வழி காட்டினாலும் பின்னால் போகிறோம். அந்த நேரத்தில் கண் தேவைப்படுவதில்லை.

ஆகவே இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்திலும், "அந்த இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும்" என்ற நம்பிக்கையிலும் வரும் கீழ்ப்படிதலுக்குப் பார்வை அவ்வளவு முக்கியமில்லை. அன்றாடக் காரியங்களில், செய்யலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடும் இடத்தில், பார்வை தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. முகதாட்சண்யம் அங்கேதான் வேலை செய்கிறது. ஜெர்மனியில் 2018-ல் வெளியான ஒரு சோதனையில், உரையாடல் முடிந்ததும், விரும்பினால் நாவோவின் சுவிட்சை அணைத்துவிடலாம் என்றார்கள். அது "வேண்டாம், தயவுசெய்து அணைக்காதீர்கள்" என்று கெஞ்சியது, இருட்டைக் கண்டால் பயம் என்றது. அதைக் கேட்ட 43 பேரில் 13 பேர் அணைக்கவே இல்லை. மற்றவர்களும் கெஞ்சல் கேட்காதவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டே அணைத்தார்கள். நாவோவுக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாது. இன்னொன்று, டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 2021-ல் வந்தது: தன்னை மேலதிகாரியாகக் காட்டிக்கொண்ட ரோபோவைவிட, சக ஆளாகப் பேசிய ரோபோவின் ஆலோசனையையே ஆட்கள் அதிகம் ஏற்றார்கள். உங்கள் ரோபோவின் வாயில் "மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று அதட்டலை வைக்காதீர்கள்.

இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. முகதாட்சண்யம் நம்மிடம் உள்ள நல்ல குணம். மனிதர்களுக்குள் அது இரண்டு பக்கமும் ஓடும்: இன்று நான் கட்டில் பிடித்தேன், நாளைக்கு அவர் என் வீட்டுக்கு வருவார். ரோபோவிடம் அது ஒருவழிப் பாதை. மாத்திரைக்குப் பயன்படுகிற அதே பார்வை, நாளை ஒரு நிறுவனத்தின் சந்தாவைப் புதுப்பிக்கவும் பாட்டியைச் சம்மதிக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வயதாலோ இயலாமையாலோ ஒருவருக்கு உள்ள பலவீனத்தைப் பயன்படுத்தி, அவருக்குப் பெருந்தீங்கு வரும்படி அவர் நடத்தையைத் திரிக்கும் கருவிகளைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் சட்டம் வரும்வரை செய்கிறவர் மனசாட்சிதான் சட்டம். பாட்டிக்கு நன்மை, அவரும் அதை விரும்புகிறார் என்கிற காரியத்துக்கு மட்டும் அந்தக் கண்ணைப் பயன்படுத்துங்கள்.

சரி, உங்கள் ரோபோவுக்கு வருவோம். நீண்ட நாள் கூட இருக்குமா என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோரி கிட் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த ஆட்டம் என்ற ரோபோ, உடல் எடையைக் குறைப்பவர்களுக்கான துணை. கண்ணுள்ள தலை, எதிரே இருப்பவரைத் தேடிப் பார்க்கும். 45 பேரிடம் கொடுத்துப் பார்த்ததில், ரோபோ வைத்திருந்தவர்கள், கணினியிலும் தாளிலும் குறித்தவர்களைவிட அதிக காலம் விடாமல் தங்கள் சாப்பாடு, உடற்பயிற்சிக் கணக்கை எழுதினார்கள். மாத்திரையும் அப்படித்தான், ஒருநாள் கேட்பது பெரிதில்லை, ஆறாவது வாரமும் கேட்க வேண்டும்.

ரோபோவைப் பாட்டி உட்காரும்போது அவர் முக உயரத்துக்கு வரும்படி வையுங்கள். கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் பொம்மை, மேலேயிருந்து குனிந்து பார்த்தால் அதிகாரி. நேரம் வந்ததும் முதலில் தலை திரும்பட்டும், அப்புறம் பேசட்டும். பாட்டி திரும்பிப் பார்க்கும்வரை வாக்கியத்தைத் தொடங்காதீர்கள், "யார்கிட்ட பேசுது" என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். பார்த்ததும் இரண்டு மூன்று நொடி முகத்தில், பிறகு பார்வை மாத்திரைத் தட்டுக்கு இறங்கட்டும். ஹெர்ப் செய்ததை இங்கே செய்யலாம்: பாட்டி தட்டைத் தொட்டதும் மூடி உடனே திறக்காமல், அவர் நிமிர்ந்து பார்த்தபின் திறக்கும்படி வையுங்கள். "காலை மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று அந்த நொடியில் சொன்னால் காதில் விழும். அவர் மாத்திரையைப் பிரிக்கும் நேரமெல்லாம் ரோபோ தட்டையே பார்க்கட்டும்.

வேண்டாம் என்று சொன்னால் மறுபடி மறுபடி முகத்தைப் பார்த்துக் கேட்க வைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருக்கலாம், வயிறு சரியில்லாமல் இருக்கலாம், டாக்டரே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எளிதான சுற்றில் உற்றுப் பார்த்த நாவோவுக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். தலையைத் தாழ்த்தி, "சரி பாட்டி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறேன்" என்று சொல்லட்டும். அரை மணி கழித்து இன்னும் ஒரு தடவை. அப்போதும் வேண்டாம் என்றால் ரோபோ உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். நீங்கள் வீடியோவில் கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் திரையில் தெரியும் பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசினால் அவருக்கு நீங்கள் கீழே குனிந்திருப்பதுபோல்தான் தெரியும். "என்ன பாட்டி, சாப்பிட்டாயா?" என்று கேட்கிற அந்த நேரத்தில் மட்டுமாவது கேமராவைப் பாருங்கள்.